பாலத்தில் நின்ற துப்பாக்கி

அத்தியாயம் 4

கர்னல் ஷ்ரானர் எந்தக் கதவையும் திறப்பதில்லை, திறந்துவைப்பார். ரீட்ஹால்டன் துப்பாக்கிச் சங்கத்துக் கூடத்தின் கதவையும் சனிக்கிழமை பிற்பகல் அப்படித்தான் திறந்துவைத்தார். கைதட்ட ஆளில்லாததால் ஹவுசி தட்டினான்.

ரெகுலா ஸ்டுக்கி அவனை முழங்கையால் இடித்தார்.

“பழக்கதோஷம் ஸ்டுக்கியம்மா. இவ்வளவு பதக்கத்தை ஒண்ணாப் பார்த்ததும் கை தானா எழும்பிடுச்சு.”

ஸ்டுக்கிக்கு அறுபத்து மூன்று வயது. முப்பது வருடம் ராணுவப் படைக்கலக் கிடங்கில் துப்பாக்கி சோதித்தவர். ஓய்வுக்குப் பிறகு, வாயில்லாத பொருள்களிடம் வாக்குமூலம் வாங்குவதைத் தொழிலாக வைத்துக்கொண்டார். ஹவுசி அவருடைய உதவியாளன். நாற்பத்தெட்டு வயது, முன்னாள் தபால்காரன். அஞ்சலட்டைகளைப் படித்ததற்காக அவன் வேலை போகவில்லை. படித்துவிட்டு வீட்டுக்காரர்களுக்கு யோசனை சொன்னதற்காகப் போனது.

கூடத்தின் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதன்மேல் மூன்று விளக்குகள். உள்ளே சிவப்பு வெல்வெட்டில் ஒரு பழைய ராணுவத் துப்பாக்கி, முந்தின நாள் பட்டம் வாங்கிய மாப்பிள்ளை மாதிரி பளபளத்துக்கொண்டு படுத்திருந்தது. சுவரோரமாக வரிசையாகச் சாம்பியன் கோப்பைகள். சமையலறைப் பக்கமிருந்து நாளைய விழாவுக்கான கேரட் கேக் வாசனை.

விழா பெரிய விழா. சங்கத்துக்கு நூற்றைம்பதாவது வருடம். காலை பத்து மணிக்கு ரைன் ஆற்றுப் பாலத்தின் முனையில் ஒரு கல் நடப்போகிறார்கள். கல்லில் செதுக்கியிருந்த வாசகம் இது:

‘1940 மே 15. மற்றவர்கள் ஓடியபோது இந்தப் பாலத்தில் தனித்து நின்றவர் கார்ப்பரல் கோட்ஃப்ரீட் ஷ்ரானர்.’

கார்ப்பரல், கர்னலின் அப்பா. அன்றிரவு பாலத்தில் காவல் இருந்தவர்கள் மொத்தமே இரண்டு பேர். ஆகவே ‘மற்றவர்கள்’ என்பது ஒரே ஒருவர்: சிப்பாய் எமில் எர்னெ. அவருக்கு அந்தப் பன்மை மரியாதைக்காகக் கொடுக்கப்பட்டதல்ல.

எமிலின் மகள் லீஸ்பெத் எர்னெ கூடத்தின் மூலையில் கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயது. ‘மற்றவர்கள் ஓடியபோது’ என்ற அந்த ஒரு துண்டை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று ஊராட்சிக்கு மனுக் கொடுத்தவர். ஊராட்சி குழு போட்டது. குழு துணைக்குழு போட்டது. துணைக்குழு ஒரு வழியாக முடிவுக்கு வந்தது. துப்பாக்கி உண்மையிலேயே அன்று பாலத்தில் இருந்ததுதான் என்று நிபுணர் சான்றிதழ் கொடுத்தால் கல் எழுதியபடி நிற்கும். இல்லையென்றால் கல் காத்திருக்கும். நிபுணரை அழைத்தவர் கர்னலேதான். அவ்வளவு நம்பிக்கை.

“தொட்டுப் பாருங்க அம்மணி,” என்றார் கர்னல், பெட்டியைத் திறந்துவைத்தபடி. “இதைப் பார்த்துத்தான் அக்கரையிலிருந்து வந்த ஜெர்மன்காரன் பன்னிரண்டு பேர் திரும்பிப் போனான்.”

“அம்பது வருஷத்துக்கு முந்தின விழா மலர்ல நாலு பேர்னு போட்டிருக்கே கர்னல் ஐயா?” என்றான் ஹவுசி.

“ஆராய்ச்சி முன்னேறியிருக்கு.”

ஸ்டுக்கி துப்பாக்கியை எடுத்தார். கைப்பிடியை நேராகப் பின்னால் இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தார். பிறகு கட்டைவிரல் நகத்தைத் திறந்த பின்வாயில் வைத்து, நகத்தில் பட்ட வெளிச்சத்தில் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

“உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கு.”

“அப்பா தினம் துடைப்பார்.”

“அதிகம் சுட்டதாத் தெரியலையே.”

“சுட வேண்டிய அவசியமே வரலை அம்மணி. பார்வையே போதும்.”

“வருஷா வருஷம் கட்டாயப் பயிற்சிக்குப் போய் இருபது குண்டு சுடணுமே, அங்கேயும் பார்வையாலதானா?” என்று ஹவுசி கேட்டது கர்னலின் காதில் விழவில்லை. கர்னல்களின் காது அப்படிப்பட்டது.

ஸ்டுக்கியின் விரல் மரக்கட்டையில் வழுக்கியது. முகம் சுருங்கியது.

“இதுமேல என்னத்தைப் பூசியிருக்கீங்க?”

“படகு வார்னிஷ். மூணு கோட். அழகுபடுத்தும் குழு ஒருமனதா முடிவெடுத்துச்சு.”

ஸ்டுக்கி ஒரு கணம் கண்ணை மூடினார். நெருங்கிய உறவில் சாவு விழுந்த செய்தியை நாசூக்காகச் சொல்லிவிட்டார்கள் என்பதுபோல் இருந்தது.

“எண்ணெய் குடிச்சு வளர்ந்த வால்நட் மரம். அதுக்குப் போய் படகு வார்னிஷ். சரி, போகட்டும். வால்நட்தானே, அது நல்ல சேதி. போர் முடிஞ்சப்புறம் வந்த துப்பாக்கிக்கெல்லாம் பீச் மரம். ஹவுசி, குறிச்சுக்க. மேலே சிலுவை முத்திரை, பெர்ன் தொழிற்சாலை. எண் ஐந்து ஏழு இரண்டு, நான்கு ஒன்று எட்டு. போருக்கு முந்தினது. தோட்டாப் பெட்டிமேலேயும் அதே கடைசி மூணு இலக்கம், நாலு ஒண்ணு எட்டு. பாகம் எதுவும் மாறலை.”

“அடிக்கட்டை நுனி எலி கடிச்ச மாதிரி இருக்கே?”

“எலி இல்லை. ஆணி அடிச்ச பூட்ஸ். பனியிலயும் சேத்துலயும் ஊன்றி வச்ச துப்பாக்கி உறைஞ்சு ஒட்டிக்கிட்டா, நம்ம பயலுக குனிஞ்சு எடுக்க மாட்டாங்க. ஒரு உதை. போலி செய்யறவன் இதைச் செய்ய மாட்டான். செஞ்சாலும் அழகாச் செஞ்சிருப்பான். இது அலட்சியமா, பல தடவை, வேற வேற மூடுல உதைச்சது.”

கர்னலின் மார்பில் பதக்கங்கள் சற்று உயர்ந்தன. மூலையில் லீஸ்பெத்தின் கைகள் பையை இன்னும் இறுக்கின.

“பின்தகட்டைக் கழற்றுங்க!” என்றார் கர்னல். “சாட்சிகள் முன்னாலேயே கழற்றுங்க. எதுவும் மறைக்கிற வழக்கம் எங்க குடும்பத்துல இல்லை.”

துப்பாக்கியின் அடிக்கட்டையை மூடும் பின்தகட்டுக்குக் கீழே சிப்பாய் தன் பெயர்ச்சீட்டை மடித்து வைப்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஸ்டுக்கி இரண்டு திருகுகளையும் கழற்றினார். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சீட்டு. இடுக்கியால் எடுத்து மேஜையில் விரித்தார்.

கார்ப்பரல் கோட்ஃப்ரீட் ஷ்ரானர். படைப்பிரிவு. பிறந்த வருடம். முகவரி. அழகான கையெழுத்து.

“அப்பா கையெழுத்து!” கர்னல் விரலால் சீட்டைத் தட்டினார். “நாற்பதுல எழுதினது. இந்தச் சீட்டு அந்தப் பாலத்துல இருந்திருக்கு!”

ஹவுசி குனிந்து பார்த்தான். இன்னும் குனிந்தான். மூக்கு மேஜையில் இடித்தது.

“கர்னல் ஐயா, ஊர்ப் பேருக்கு முன்னாடி என்னவோ நாலு இலக்கம் இருக்கே?”

“அஞ்சல் எண். தபால்காரனுக்கு அதுகூடத் தெரியாதா?”

“நல்லாத் தெரியும். பதினெட்டு வருஷம் சுமந்தவன். அதனாலதான் கேக்கறேன். இந்த நாலு இலக்க எண் வந்ததே அறுபத்து நாலுல. நாற்பதுல உங்கப்பா எப்படி எழுதினார்?”

கூடத்தில் கேக் வாசனை மட்டும் நடமாடியது.

“அப்பா...” கர்னல் மார்பை நிமிர்த்தினார். “தொலைநோக்கு உள்ளவர்.”

“இருபத்து நாலு வருஷத்தையா தாண்டிப் பார்த்தார்? அவரைத் தபால் இலாகாவுல விட்டிருந்தா நாங்க பொழைச்சிருப்போமே! ஸ்டுக்கியம்மா, கேஸ் முடிஞ்சது. சீட்டு போலி, கல் நிக்காது. எர்னெ அம்மா, எழுந்திரிங்க, ஒரு காபி சாப்பிடலாம்.”

லீஸ்பெத் பாதி எழுந்தார். அவர் முகத்தில் வந்த வெளிச்சம் அந்த மூன்று விளக்குகளிலிருந்து வந்ததல்ல.

“உட்காரு ஹவுசி,” என்றார் ஸ்டுக்கி.

அவர் இடுக்கியைத் துப்பாக்கியின் பின்பக்கத்துக்குள் மறுபடியும் விட்டார். மரத்தோடு மரமாக ஒட்டிப்போயிருந்த இன்னொரு சீட்டை, வெங்காயத் தோலை உரிப்பதுபோல் உரித்தெடுத்தார். காய்ந்த புகையிலை நிறம். அதே பெயர், அதே கையெழுத்து, கொஞ்சம் இளமையாக. முகவரியில் எண் இல்லை. கீழே ‘1939’.

“போலி இல்லை. அறுபத்து நாலுல தபால் இலாகா வீட்டுக்கு வீடு சுற்றறிக்கை அனுப்பிச்சு, எல்லாரும் முகவரியோட புது எண்ணைச் சேர்த்து எழுதுங்கன்னு. மனுஷன் சேர்த்திருக்கார். இரும்புத் தகட்டுக்குள்ளே, எவனும் எட்டிப் பார்க்காத இடத்துலகூட.”

“யாருக்காக?”

“யாருக்காகவும் இல்லை. சொன்னாங்க, செஞ்சார். இந்த நாட்டுல சுற்றறிக்கை வந்தா, தலையணை உறைக்குள்ளேகூட அஞ்சல் எண்ணை எழுதி வைக்கிற ஆளுங்க இருக்காங்க. நீயே பார்த்திருப்பே.”

ஹவுசி பார்த்திருந்தான். தன் வீட்டிலேயே.

லீஸ்பெத் திரும்ப உட்கார்ந்தார்.

கர்னல் பழைய உயரத்துக்கு வந்து, அதற்கும் மேலே இரண்டு அங்குலம் போனார். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அப்பாவின் ராணுவப் பணிப் புத்தகத்தை அவரே கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். பதவி உயர்வுப் பக்கம் தெரிகிற மாதிரி மாட்டியிருந்தது. ஸ்டுக்கி நான்கு பக்கம் தள்ளிப் புரட்டினார். வழங்கப்பட்ட துப்பாக்கி, எண் 572418.

“பொருந்துது,” என்றார் ஸ்டுக்கி.

“சான்றிதழ்!” என்றார் கர்னல். “எழுதுங்க அம்மணி. பெரிய எழுத்துல.”

ஸ்டுக்கி மேஜையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். லீஸ்பெத் எழுந்து கோட்டைப் போட ஆரம்பித்தார். கோட்டின் ஒரு கை எங்கே இருக்கிறது என்று அவருக்குக் கிடைக்கவில்லை. ஹவுசி போய்ப் பிடித்தான்.

“எர்னெ அம்மா,” என்றார் ஸ்டுக்கி, எழுதிக்கொண்டே. “உங்கப்பாவுக்கு அன்னிக்கு என்ன தண்டனை கிடைச்சுது?”

“மூணு நாள் காவல். ஊருக்கே தெரியுமே.”

“எதுக்கு?”

“ஓடினதுக்கு!” என்றார் கர்னல். “வேற எதுக்கு?”

ஸ்டுக்கி பேனாவைக் கீழே வைத்தார்.

“முப்பது வருஷம் ராணுவக் கிடங்குல இருந்தவ நான். மூணு நாள் எதுக்குக் கிடைக்கும்னு எனக்குத் தெரியும். பட்டன் அறுந்ததுக்கு. கழுதைக்குக் கொள்ளு வைக்க மறந்ததுக்கு. நாற்பது மே மாசம், நாடே நடுங்கிட்டிருக்கு, பணக்காரனெல்லாம் காருமேல மெத்தையைக் கட்டிக்கிட்டு மலைக்கு ஓடறான். அந்த வாரத்துல காவலை விட்டு ஓடின சிப்பாய்க்கு மூணு நாளா? ராணுவக் கோர்ட்டுல நிறுத்தியிருப்பாங்க. கர்னல், நீங்களே சொல்லுங்க. உங்க காலத்துல எவ்வளவு?”

கர்னல் வாயைத் திறந்தார். உள்ளே இருந்த கர்னல் உண்மையைச் சொல்ல நினைத்தார், மகன் தடுத்துவிட்டார்.

“மூணு நாளுக்கு ஒரு தண்டனைச் சீட்டு கொடுத்திருப்பாங்களே,” என்றார் ஸ்டுக்கி. “உங்ககிட்டே இருக்கா?”

லீஸ்பெத் கைப்பையின் கொக்கியை மூடி மூடிப் பார்த்தார், ஏற்கெனவே மூடியிருந்தும்.

“இருக்கு,” என்றார் கடைசியில். “அம்மாகூடப் பார்த்ததில்லை. அப்பா செத்தப்புறம்தான் எனக்கே கிடைச்சுது. ஆனா வேண்டாம்மா. இப்போ ஊர்ல கோழைன்னு மட்டும்தான் சொல்றாங்க. அதைக் காட்டினா திருடன்னும் சொல்லுவாங்க.”

“திருடனா?”

“அடுத்தவன் துப்பாக்கியை வச்சிருந்தார்னு போட்டிருக்கு.” கொக்கியிலிருந்து கையை எடுத்தார். “அப்பா எதையும் எடுக்கற ஆள் இல்லை. ஆனா சர்க்கார் எழுதியிருக்கே.”

“கொடுங்க,” என்றார் ஸ்டுக்கி. “சர்க்கார் எழுதினதை நான் நிறையப் படிச்சிருக்கேன். எழுதினவனுக்கே புரியாம எழுதினதுதான் பெரும்பாலும்.”

நான்காக மடித்த, அச்சடித்த படிவம். கட்டம் கட்டமாக. ஸ்டுக்கி ஒருமுறை படித்தார். பிறகு ஹவுசியிடம் நீட்டினார்.

“சத்தமாப் படி. மத்தவங்க தபாலைப் படிக்கிறதுக்கு இன்னிக்கு உனக்கு அனுமதி.”

ஹவுசி படித்தான்.

“‘சிப்பாய் எர்னெ எமில். 1940 மே 15, காலை ஐந்து நாற்பது. பாலக் காவல் இடத்தில் தனியாக இருந்தார். சோதனையின்போது அவர் கையில் இருந்தது அவருக்கு வழங்கப்பட்ட துப்பாக்கி அல்ல. கையில் இருந்த துப்பாக்கியின் எண்...’” நிறுத்தினான். “‘எண் 572418. ஒழுங்கீனத்துக்காக மூன்று நாள் காவல்.’”

நால்வரும் மேஜைமேல் இருந்த துப்பாக்கியைப் பார்த்தார்கள். அது வார்னிஷில் பளபளத்தது.

“ஐந்து நாற்பதுக்குப் பாலத்துல இருந்தது எமில்,” என்றார் ஸ்டுக்கி. “தனியா.”

“விடிஞ்சதும் அப்பா தகவல் சொல்ல மேலிடத்துக்குப் போயிருப்பார்!”

“போகலாமே. சாவகாசமாப் போறவன் தன் துப்பாக்கியை எடுத்துக்கிட்டுப் போவான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் துப்பாக்கி எண்ணைச் சொல்லப் பழக்கின படை இது. உங்கப்பா வேற, தகட்டுக்குள்ளே அஞ்சல் எண் எழுதி வைக்கிற அளவுக்கு ஒழுங்கானவர். அப்படிப்பட்டவர் காவல் குடிசைச் சுவர்ல சாய்ச்சு வச்சிருந்த ரெண்டுல தப்பானதைத் தூக்கினார்னா, காரணம் ஒண்ணுதான். கையைவிடக் கால் முந்திடுச்சு. நின்னவருக்கு மிச்சம் இருந்தது இது.”

“அதிகாரி... அதிகாரி கேட்டிருப்பாரே, கார்ப்பரல் எங்கேன்னு!”

ஸ்டுக்கி படிவத்தைத் திருப்பிக் காட்டினார். “துப்பாக்கி எண்ணுக்குக் கட்டம் இருக்கு. கார்ப்பரல் எங்கேன்னு கேக்கறதுக்குக் கட்டம் இல்லை.”

கர்னல் ஒரு நாற்காலியைத் தேடினார். சங்கத்தில் தலைவர் நாற்காலி ஒன்றுதான் பக்கத்தில் இருந்தது. அதில் உட்காராமல் ஜன்னல் விளிம்பில் சாய்ந்தார்.

“அந்தாளு ஏன் சொல்லலை?” என்றார், லீஸ்பெத்தைப் பார்க்காமல். “நாற்பது வருஷம் இதே ஊர்லதானே இருந்தார். ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?”

“யார்கிட்டே சொல்றது?” லீஸ்பெத்தின் குரலில் கோபம்கூட இல்லை. “எட்டு வயசுல ஊராட்சி ஏலம் விட்ட மாதிரி உங்க தாத்தா பண்ணைக்குத் தள்ளிவிட்ட அநாதைப் பிள்ளை அவர். உங்க வீட்டு மேஜையில பேசக் கூடாதுன்னு சொல்லி வளர்த்தாங்க. அவர் அதை நல்லாக் கத்துக்கிட்டார். எனக்கு ஒரே ஒரு தடவை சொன்னார். ‘தப்பான துப்பாக்கியோட நின்னுட்டேன் லீசி’ன்னு. நின்னேன்னு சொன்னதை நான் காதுல வாங்கவே இல்லை. தப்புன்னு சொன்னதுதான் விழுந்துச்சு.”

ஸ்டுக்கி எழுதி முடித்திருந்த சான்றிதழைக் கர்னலிடம் நீட்டினார்.

“வேண்டாம்,” என்றார் கர்னல்.

“நீங்க கேட்டதுதான். துப்பாக்கி அசல். நிலை நன்று, வார்னிஷ் நீங்கலாக. 1940 மே 15 அன்று பாலத்தில் இருந்தது சந்தேகத்துக்கு இடமின்றி உறுதி. நான் துப்பாக்கிக்குத்தான் சான்றிதழ் கொடுப்பேன் கர்னல். மனுஷனுக்குக் கொடுக்கறதில்லை.”

“இதைவிடப் போலின்னே சொல்லியிருக்கலாம்,” என்று முணுமுணுத்தான் ஹவுசி. யாரும் அவனை இடிக்கவில்லை.

கர்னல் திரும்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே நாளைக்கான கொடிகள் காற்றில்லாமல் தொங்கின. பிறகு பையிலிருந்து போனை எடுத்துக் கல்தச்சனைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

“வாசகத்துல மாத்தம் இருக்கு,” என்றார்.

“இப்பவா? கர்னல், விடிஞ்சா நடணும்!” மறுமுனையில் உளிச் சத்தம் நின்றது. “செதுக்கினதைக் கல்சாந்து வச்சு அடைச்சு, இறுகவிட்டு, மேலே செதுக்கணும். இருட்டறதுக்குள்ளே ஒண்ணே ஒண்ணுதான் முடியும். பேரா, இல்லை அந்த ‘ஓடியபோது’ வரியா? ஒண்ணைச் சொல்லுங்க.”

கர்னல் லீஸ்பெத்தைப் பார்த்தார். அறைக்குள் வந்ததிலிருந்து அவர் அந்தப் பெண்மணியை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“நீங்க சொல்லுங்க,” என்றார்.

“பேரைப் போடச் சொல்லுங்க எர்னெ அம்மா!” ஹவுசியால் பொறுக்க முடியவில்லை. “உங்கப்பா பேரு! எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சு!”

லீஸ்பெத் தண்டனைச் சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

“‘மற்றவர்கள் ஓடியபோது’. அதை எடுக்கச் சொல்லுங்க,” என்றார். “பேரை மாத்திட்டு அதை விட்டு வச்சா, நாளையிலேருந்து அந்த வரி உங்க வீட்டுக்கு வந்துடும். அதை வச்சுக்கிட்டு எப்படிச் சாப்பிட உக்கார்றதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குப் பேரப்பிள்ளைங்க இருக்காங்க.”

“ஹலோ?” என்றது போன். “எதுங்க?”

கர்னல் போனைக் கையில் எடுத்தார். அவருடைய குரலில் முதல் தடவையாக ஆணையிடும் தொனி பொருத்தமாக இருந்தது.

“ரெண்டும்.”

“விளையாடறீங்களா? எனக்கு வெளிச்சம் போயிடும்!”

“நான் வந்து விளக்குப் பிடிக்கிறேன். நீ முடிக்கிற வரைக்கும். விடிஞ்சாலும் சரி. ‘ஓடியபோது’ வரியை மூடிடு. பேரை எழுதிக்கோ. எமில் எர்னெ.”

“பதவி?”

“சிப்பாய்.”

போனை வைத்துவிட்டு, பதக்கம் குத்திய மேல்சட்டையைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டிமேல் போட்டார். ஆணியில் தொங்கிய பழைய கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டார். கூடத்து மூலையிலிருந்த பெரிய கைவிளக்கைத் தூக்கினார்.

“ராத்திரி குளிரும் கர்னல் ஐயா,” என்றான் ஹவுசி. “ஆத்துக் காத்து வேற. நடுவுல கிளம்பிட மாட்டீங்களே?”

கர்னல் வாசற்படியில் நின்று விளக்கைத் திருப்பி, அதன் அடிப்பாகத்தை அவன் பக்கம் காட்டினார். சங்கத்துப் பொருள்களுக்கெல்லாம் ஒட்டுகிற எண் தகடு அதிலும் இருந்தது.

“எதுக்கும் எண்ணைக் குறிச்சு வச்சுக்கோ,” என்றார். “காலையில வந்து சரிபார்.”